உள்ளே இருக்கும் அருளப்பன்

அருளப்பன் ஊர் வந்து சேர்வதற்கு எட்டு நாள் முன்பே அருளப்பன் ஊர் வந்து சேர்ந்துவிட்டான்.

இவர்களில் பின்னால் வந்தவன் மஸ்கட்டில் பதினோரு வருஷம் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவன். நாற்பத்தொரு வயது, லேசான தொந்தி, கயிறு கட்டிய ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் ஒரு மூன்று சக்கர சைக்கிள். முன்னால் வந்தவனுக்கு இவை எதுவும் கிடையாது. அவன் பட்டியலில் வந்தவன். இரண்டு பேரில் எவன் ஒழுங்கானவன் என்று கேட்டால் அரசாங்கம் இன்றைக்கும் பட்டியலில் வந்தவனைத்தான் கைகாட்டும்.

மஸ்கட்டில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். மார்ச் மாதம் கம்பெனி வேலையை நிறுத்தியது. ஏப்ரலில் சம்பளத்தை நிறுத்தியது. ஜூனில் மேல்கட்டில்காரன் இரண்டு முறை இருமினான்; மற்ற ஏழு பேரும் அன்றிரவு வராந்தாவில் படுத்தார்கள். இதற்கெல்லாம் அருளப்பன் அசையவில்லை. எல்லாரும் போகட்டும், கூட்டம் குறைந்ததும் போகலாம் என்று இருந்தான். அவனை அசைத்தது லூர்து மேரி போனில் சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு விஷயம்.

அவன் கடைசியாக விடுமுறை முடிந்து விமானம் ஏறியபோது லூர்து மேரிக்கு இரண்டு மாதம். பிறந்த பெண்ணுக்கு ஷெரின் என்று பெயர் வைத்ததும், ஞானஸ்நானம் கொடுத்ததும், முதல் பல் வந்ததும் அவனுக்குப் போனில்தான். தினமும் சாயங்காலம் லூர்து மேரி போனைக் குழந்தைக்கு முன்னால் நீட்டி, "அப்பா பாரு, அப்பா" என்பாள். பதினோராவது மாதத்தில் குழந்தைக்குப் பேச்சு வந்தது.

"ஏங்க, ஒங்க மக என்ன செய்யுறா தெரியுமா? நீங்க பேசிட்டு வச்ச பொறகு அந்தக் கருப்புப் போனத் தடவிக் குடுத்து 'ப்பா, ப்பா'ங்குறா. பக்கத்து வீட்டுப் போனப் பாத்தாலும் ப்பா. நேத்து டிவி ரிமோட்டுக்கு முத்தம் குடுத்தா."

அருளப்பனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் தூதரகத்தின் இணையதளத்தில் பெயர் பதிந்தான். ரிமோட்டுக்கு முன்னால் போய் நின்றுவிட வேண்டும் என்பது ஒன்றே அவன் நினைப்பு.

பிளாஸ்டிக் அங்கி மாட்டி, முகத்துக்குக் கண்ணாடித் தாள் கட்டி, திருச்சியில் இறங்கினான். வலது மணிக்கட்டில் அழியாத மையில் 'வீட்டுத் தனிமை, பதினான்கு நாள்' என்று முத்திரை குத்தினார்கள். குத்தி முடித்து, வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு கல்லூரி விடுதியில் கொண்டுபோய் ஏழு நாள் அடைத்தார்கள். அதற்கும் விதி இருந்தது. முத்திரைக்கும் விதி இருந்தது. ஒரு விதி இன்னொரு விதியைச் சந்தித்ததில்லை. சமூக இடைவெளியை அந்தக் காலத்தில் ஒழுங்காகக் கடைப்பிடித்தவை விதிகள்தான்.

ஆனால் பட்டியலை யாரும் விடுதியில் அடைக்கவில்லை. அது அன்றே சென்னை போய், தேனி வந்து, கம்பம் இறங்கி, சாயங்காலம் நாலரை மணிக்கு சூசையபுரத்தை அடைந்தது. காமயகவுண்டன்பட்டி போகிற வழியில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருக்கிற முந்நூறு வீட்டு ஊர் அது. பட்டியலில் 'வந்து சேர்ந்தார்' என்று இருந்தது. ஐந்தே கால் மணிக்கு அருளப்பன் வீட்டு வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள்.

அடித்தவன் ஒச்சாண்டி. அருளப்பனோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. கிரில் பட்டறை வைத்திருந்தான். வாசலுக்கு கேட் போடுகிறவர்கள் இல்லாமல் போன காலத்தில் தகரம் அடிக்கிற வேலை வந்தது. இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, எட்டடித் தகரம் இரண்டை இணைத்து வாசலை அடைத்தான். பின்பக்கம் கொல்லை, கொல்லைக்கு அந்தப் பக்கம் ஆரம்பப் பள்ளி. இடையில் கண்ணாடிச் சில்லு பதித்த அரசாங்கச் சுவர். உள்ளே லூர்து மேரியும் ஷெரினும். காய்கறியும் பாலும் தகரத்துக்கு மேலே தூக்கில் இறங்கின. ஆடிக் காற்று மேற்கேயிருந்து வந்து தகரத்தில் மோதும்போதெல்லாம் வீடே லாரி ஏறிய பாலம் மாதிரி அதிர்ந்தது.

மறுநாள் காலை ஜக்கம்மா வந்தாள். ஊருக்குக் கொசு மருந்து அடிக்கிறவள். கொரோனா வந்ததும் அவள் கையில் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியையும் ஒரு நீள நோட்டையும் கொடுத்து, களக் கண்காணிப்பாளர் என்று பெயர் வைத்திருந்தார்கள். தகரத்துக்கு ஆறடி தள்ளி நின்று நோட்டைப் பிரித்துக் கூப்பிட்டாள்.

"அருளப்பன்?"

"இருக்காக" என்றாள் லூர்து மேரி, அடுப்படியிலிருந்து.

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. லூர்து மேரி ஆறு வருஷமாக நூறு நாள் வேலைக்குப் போகிறவள். காலையில் கண்மாய்க்கரையில் பேர் கூப்பிடும்போது ஒருத்தி ஆட்டை ஓட்டி விட்டுவிட்டு ஓடிவந்துகொண்டிருப்பாள்; ஒருத்திக்குப் பஸ் வந்திருக்காது. பக்கத்தில் நிற்கிறவள் 'இருக்காக' என்று சொல்லிவைப்பாள். வழியில் வருகிறவர் வந்தவர் கணக்குத்தான். பேர் விட்டுப்போனால் அன்றைய நாளும் போய்விடும். அருளப்பன் திருச்சி வரை வந்தாயிற்று. எப்படியும் வரத்தானே போகிறான்? போன வருஷம் ரேஷன் கார்டில் அவள் பேர் விட்டுப்போய், அதை ஒட்டவைக்க உத்தமபாளையத்துக்கு எத்தனை தடவை நடந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். அரசாங்கம் ஒரு பேரைக் கூப்பிட்டால் இல்லை என்று மட்டும் சொல்லக்கூடாது. அது அவள் சொந்த அனுபவத்தில் கண்டுபிடித்த சட்டம்.

ஜக்கம்மா துப்பாக்கியைத் தகரத்துக்கு நேரே பிடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு காட்டியது. அது தகரத்தின் காய்ச்சல் என்பதைப் புரிந்துகொண்டு, '98.4' என்று எழுதினாள். அடுத்த நாளிலிருந்து துப்பாக்கி கொண்டுவருவதையும் விட்டுவிட்டாள். ஏழு நாளும் கூப்பிட்டாள். ஏழு நாளும் 'இருக்காக'. ஏழு நாளும் 98.4. அந்த நோட்டில் ஊராட்சியிலிருந்து ஒன்றியம் வரை பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

எட்டாம் நாள் காலை ஒன்பது மணிக்கு அருளப்பன் அட்டைப்பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்கினான்.

வாசல் இருக்க வேண்டிய இடத்தில் தகரம் இருந்தது. தகரத்தில் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் அவன் பேர். உள்ளே குழந்தை அழுகிற சத்தம்; போனில் கேட்கிற அழுகை மாதிரி இல்லாமல், நடுவில் விட்டுப்போகாத முழு அழுகை. அருளப்பன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தகரத்தில் கையை வைத்தான். அப்போது பார்த்து ஜக்கம்மா வந்தாள். வெளியே ஓர் ஆள் நிற்பதைக் கவனிக்காமல் நோட்டைப் பிரித்தாள்.

"அருளப்பன்?"

"இருக்காக" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"இங்கன இருக்கேன்" என்று வெளியேயிருந்து ஒரு குரல்.

ஜக்கம்மா நோட்டைப் பார்த்தாள். அதில் ஒரு கட்டம்தான் இருந்தது.

சத்தம் கேட்டு ஒச்சாண்டி ஓடிவந்தான். "ஏலே மாப்ள, எப்படா வெளிய வந்த? நாந்தான ஆணி அடிச்சேன், பூனை கூட வர முடியாதே."

"நான் உள்ள போகவே இல்லடா. இப்பத்தான் வர்றேன். இதப் புடுங்கு."

"அடிக்கத்தான் ஆர்டர் குடுத்தாக. புடுங்குறதுக்குத் தனி ஆர்டர். அது உள்ள இருக்கிற ஆளுக்குப் பதினாலு நாள் முடிஞ்சாத்தான் வரும்."

"உள்ள இருக்க வேண்டிய ஆளு நாந்தான?"

"அதுக்கு நீ உள்ள இருந்திருக்கணும்ல."

பதினொரு மணிக்கு ஞானசிகாமணி வந்தார். வட்டாரத் தனிமை ஒருங்கிணைப்பு அலுவலர். மார்ச்சுக்கு முன்னால் வேறு ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தவர். இப்போது ஜீப்பும், ஜீப் மேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கியும், கையில் மைக்கும் இருந்தன. பாதுகாப்பு இடைவெளி கருதி அவர் யாரிடம் பேசினாலும் மைக்கில்தான் பேசுவார். அதனால் அவர் விசாரணை எல்லாமே ஊர் விசாரணைதான். திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வரை கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"பெயர்?"

"அருளப்பன் சார்."

"அருளப்பன் உள்ளே இருக்கிறார். உங்கள் பெயர்?"

அருளப்பன் பாஸ்போர்ட்டை நீட்டினான். ஞானசிகாமணி தொடவில்லை, ஜீப்பிலிருந்தபடியே கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்தப் படத்தில் மீசை தெரிகிறது. உங்களிடம் முகக்கவசம்தான் தெரிகிறது."

அருளப்பன் முகக்கவசத்தில் கையை வைத்தான்.

"கழற்றினால் இருநூறு ரூபாய் அபராதம்" என்றது ஒலிபெருக்கி.

கையை எடுத்துவிட்டு, மணிக்கட்டிலிருந்த முத்திரையைக் காட்டினான். ஞானசிகாமணி அதைச் சத்தமாக வாசித்தார். "வீட்டுத் தனிமை, பதினான்கு நாள். நீங்கள் நிற்பது தெருவில். இதை நான் பார்க்காத மாதிரி இருப்பதுதான் உங்களுக்கு நல்லது."

தகரத்துக்குள்ளிருந்து லூர்து மேரி கத்தினாள். "சார், அவுகதான் சார் எங்க வீட்டுக்காரரு."

"அம்மா, அப்படியானால் ஏழு நாளாக உங்களோடு வீட்டுக்குள் இருந்தவர் யார்?"

இந்தக் கேள்வி இரண்டு குழாயிலும் புறப்பட்டு, கோவில் சுவரில் பட்டு, மறுபடி ஒருமுறை கேட்டது. தெருவில் கூடியிருந்தவர்கள் அருளப்பனை ஒருமாதிரி பார்த்தார்கள்.

"யாரும் இல்ல சார்" என்றாள் லூர்து மேரி. குரல் இறங்கிவிட்டது. "பேரு விட்டுப் போயிருமேன்னு ஒரு வார்த்த சொன்னேன். நான் சொன்னது ஒரு வார்த்ததான். காச்ச எவ்வளவுன்னு நீங்களாத்தான் எழுதிக்கிட்டீக."

ஞானசிகாமணி மைக்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு பேசினார்.

"நிர்வாகத்தில் மூன்று வழிதான் உண்டு. ஒன்று, அருளப்பன் உள்ளே இருந்து தப்பி வெளியே வந்துவிட்டார். அப்படியானால் வழக்கு, பாஸ்போர்ட் முடங்கும். இரண்டு, அருளப்பன் உள்ளே வரவே இல்லை. அப்படியானால் பதினோரு அலுவலர்களின் கையெழுத்து பொய். அது நடக்கக்கூடிய காரியம் இல்லை, ஏனென்றால் பன்னிரண்டாவது கையெழுத்து என்னுடையது. மூன்று, நீங்கள் அருளப்பன் இல்லை. எல்லாருக்கும் நல்லது மூன்றாவதுதான். நான் மக்கள் நலனைத்தான் பார்ப்பேன்."

"அப்ப நான் யாரு சார்?"

"அதை விசாரிப்பது என் துறை இல்லை. ஆனால் தனிமையில் இருக்கும் ஒருவருடைய வாசலில் நின்று, தகரத்தில் கை வைத்திருக்கிறீர்கள். அதற்குப் பட்டியல் இருக்கிறது."

இவ்வாறாக அருளப்பன், அருளப்பனோடு தொடர்பில் வந்த குற்றத்துக்காகப் பதினான்கு நாள் தனிமைக்கு அனுப்பப்பட்டான். 'தொடர்பாளர்: அடையாளம் தெரியாத வெளியூர் நபர், ஆண்' என்று ஜக்கம்மா புதிய பக்கத்தில் எழுதினாள். 'நோயருக்கு உறவு' என்ற கட்டத்துக்கு என்ன எழுத என்று கேட்டாள். 'தெரிந்தவர்' என்று போடச் சொன்னார் ஞானசிகாமணி.

தனிமை இடம், ஆரம்பப் பள்ளியின் மூன்றாம் வகுப்பு. சன்னலைத் திறந்தால் கண்ணாடிச் சில்லுச் சுவர். சுவருக்கு அப்பால் அவன் வீட்டுக் கொல்லை. மஸ்கட்டிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டர் வந்து, கடைசி இருபதடியில் மாட்டிக்கொண்டான். சுவர் ஏறிக் குதித்திருக்கலாமே என்று கேட்கலாம். பதினோரு வருஷம் அடுத்தவன் நாட்டில் எந்தக் கோட்டையும் தாண்டாமல் பிழைத்தவனுக்குச் சுவரைப் பார்த்தால் சுவராகத்தான் தெரியும். வழக்கு என்ற சொல்லை வேறு ஒலிபெருக்கி சொல்லியிருந்தது.

சாயங்காலம் வீடியோவில் கூப்பிட்டான். அங்கே குழந்தை அழுதது. முதலில் சுவர் தாண்டி அழுகை வந்தது. இரண்டு விநாடி கழித்து அதே அழுகை போனில் வந்தது. காதுக்குக் கேட்டது எந்த நெட்வொர்க்கும் இல்லாமல் வந்த அழுகை. அதைக் கண்ணால் பார்க்கத்தான் அதற்கு எங்கேயோ ஒரு டவர் வரை போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

"ப்பா" என்றது குழந்தை, போனைப் பார்த்து.

"ஏங்க, சாப்பிட்டீகளா?" என்று லூர்து மேரி கேட்டதும் இரண்டு முறை கேட்டது. அவன் ஒருமுறை சுவரைப் பார்த்தும் ஒருமுறை போனைப் பார்த்தும் தலையாட்டினான்.

தகரத்துக்கு இன்னும் மீதியிருந்த ஏழு நாளில் அருளப்பனுக்கு அருளப்பன் மேல் பொறாமையே வந்துவிட்டது. உள்ளே இருக்கும் அருளப்பனுக்குத் தினமும் கபசுரக் குடிநீர், இரண்டு முட்டை, சத்து மாத்திரை. எல்லாம் தகரத்துக்கு மேலே இறங்கின. வெளியே இருக்கும் அருளப்பனுக்குக் கபசுரக் குடிநீர் மட்டும். தொடர்பாளருக்கு முட்டை கிடையாது. அவன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கமே பார்ப்பது ஜக்கம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏண்ணே இப்பிடி நெலகொள்ளாம நிக்கிறீக? அந்த அருளப்பண்ணனப் பாருங்க. வந்ததுலேருந்து ஒரு நா வெளிய எட்டிப் பாத்திருப்பாகளா? ஒரு சத்தம் உண்டா? மனுசன்னா அப்பிடி இருக்கணும்."

"ஜக்கம்மா, நீ எங்க கல்யாணத்துக்கு வந்தவ. பந்தியில ரெண்டு தடவ சாம்பார் கேட்டவ. என்னய யாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே. நோட்டுக்குத் தெரியாதுல்ல."

பத்தாம் நாள் உள்ளே இருப்பவருக்கு மூக்கில் குச்சி விட்டுச் சோதனை எடுக்க வேண்டும் என்று விதி. ஒச்சாண்டியை வரவழைத்துத் தகரத்தில் முக உயரத்துக்கு ஓர் ஓட்டை வெட்டச் சொன்னார்கள். வெட்டி முடித்ததும் ஜக்கம்மா ஓட்டையில் வாயை வைத்துச் சொன்னாள்: "மேரியக்கா, ஒரு மூக்கு வேணும்."

லூர்து மேரி தன் மூக்கைக் கொடுத்தாள். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. அருளப்பன், ஆண், நாற்பத்தொன்று, தொற்று இல்லை. அதோடு ஞானசிகாமணியின் பாராட்டும் வந்தது: 'இத்தகைய ஒத்துழைப்பு வட்டாரத்திலேயே இல்லை.'

தகரம் அடித்த பதினான்காம் நாள் மத்தியானம் ஞானசிகாமணி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். தனியாக. மைக் இல்லாமல். மைக் இல்லாத அவர் குரல் அவ்வளவு சின்னதாக இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

"தம்பி, நாளைக்குக் காலைல தகரம் திறக்கிற விழா. முன்மாதிரித் தனிமையாளர்னு அருளப்பனத் தேர்ந்தெடுத்திருக்கு. தேனியிலேருந்து மேலதிகாரி வர்றாரு. பந்தல், மாலை, பழக்கூடை எல்லாம் சொல்லியாச்சு. ஒரே ஒரு குறை."

"ஆளு இல்ல" என்றான் அருளப்பன்.

"புத்திசாலி. நாளைக்கு ஒரு அரை மணி நேரம் நீங்க அருளப்பனா இருக்க முடியுமா?"

"நான் அருளப்பன்தான் சார்."

"அருமை. இதே மாதிரி நாளைக்கும் சொல்லணும்."

கொல்லை வழியாக உள்ளே போய், முன் வாசல் வழியாக வெளியே வர வேண்டும். அதற்குப் பள்ளிக்கூடத்து ஏணியைப் பயன்படுத்திக்கொள்ள வாய்மொழி உத்தரவு. கண்ணாடிச் சில்லு மேல் விரிக்க இரண்டு சாக்கும் உத்தரவாயின. சுவர் தாண்டினால் வழக்கு வருமா என்று அருளப்பன் கேட்டான். "அரசாங்க ஏணியில் ஏறினால் அது தாண்டுவது ஆகாது" என்றார் ஞானசிகாமணி.

மறுநாள் ஒன்பதரை மணிக்கு அருளப்பன் தன் வீட்டுக் கொல்லையில் குதித்தான். லூர்து மேரி அடுப்படி வாசலில் நின்றாள். ஒன்றரை வருஷம் கழித்துப் புருஷனைப் பார்க்கிறவள் என்ன சொல்வாள் என்று அவனும் பலமுறை யோசித்திருக்கிறான். அவள் சொன்னது: "முட்டி ரத்தமா இருக்கு, மொதல்ல கழுவுங்க."

ஷெரின் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அபராதம் போட யாரும் இல்லாத அந்த அறையில், குனிந்து கையை நீட்டினான். குழந்தை அவன் முகத்தைப் பார்த்தது. வாயைப் பிதுக்கியது. பிறகு தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது. அழுதுகொண்டே அவன் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்த போனுக்குக் கையை நீட்டி, "ப்பா" என்றது.

அதற்குள் வெளியே ஆணி பிடுங்குகிற சத்தம் கேட்டது.

தகரம் விழுந்தது. மேளம் அடித்தது. தெரு நிறைய ஆள். பந்தலுக்குப் பின்னால் ஃபிளெக்ஸ். அதில் ஞானசிகாமணி இடது பக்கம் கும்பிட்டபடியும், வலது பக்கம் மைக்கோடும், நடுவில் நெஞ்சில் கை வைத்தபடியும் இருந்தார். அருளப்பன் படம் கிடைக்காததால் அந்த இடத்தில் ஒரு புறா பறந்தது. அருளப்பனுக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஞானசிகாமணி பேசினார்.

"இந்த வட்டாரத்தில் நாற்பத்திரண்டு வீடுகளுக்குத் தகரம் அடித்தோம். அவற்றில் நோய் இருந்தது மூன்று வீட்டில். மீதி முப்பத்தொன்பது வீட்டிலும் நோயே இல்லாமல் செய்தது நம்முடைய தகரம். சிலர் கேட்கிறார்கள், உள்ளே ஆள் இருக்கிறாரா என்று யாராவது பார்த்தீர்களா என்று. பார்த்தால் தொற்று வரும். பார்க்காமல் அறிவதற்குத்தான் நிர்வாகம் இருக்கிறது. இதோ அருளப்பன் அவர்கள். பதினான்கு நாள், இருக்கிறார் என்பதே தெரியாத அளவுக்கு இருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் இவரைப் போலவே வீட்டில் இருந்தால் எங்களுக்கு வேலையே இல்லை. எங்களுக்கு வேலை இருக்கிறது என்பதை மட்டும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

மேலதிகாரி கைதட்டினார். சான்றிதழ் வழங்கப்பட்டது. பளபளப்பான தாள், நடுவில் கோபுரம், கீழே பன்னிரண்டு கையெழுத்து. "இதை வைத்துக்கொண்டு நீங்கள் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மறுபடி மஸ்கட்டுக்கே போகலாம்" என்றார் மேலதிகாரி, அதைவிடப் பெரிய பரிசு இருக்க முடியாது என்கிற முகத்தோடு.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஜக்கம்மா கடமையில் தவறாதவள் என்பதை ஞானசிகாமணி கணக்கில் எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கபசுரக் குடிநீர் கொண்டுபோனவள், தூக்கும் கையுமாக ஓடிவந்து, மேலதிகாரிக்கு முன்னால் நின்றாள்.

"சார், மூணாங்கிளாசு ஆளக் காணோம். பதினாலுல ஏழு நாள்தான் ஆச்சு. சுவத்துல ஏணி சாத்தி இருக்கு."

"ஏணி எந்தப் பக்கம்?" என்று கேட்டார் மேலதிகாரி.

"இந்த வீட்டுக் கொல்லைப் பக்கம் சார்."

மேலதிகாரி ஞானசிகாமணியைப் பார்த்தார். ஞானசிகாமணி ஏணியைப் பற்றி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பன்னிரண்டாவது கையெழுத்தை நினைத்து, மூடிக்கொண்டார். பிறகு மைக்கை எடுத்தார்.

"தப்பிய தொடர்பாளர் இந்த வீட்டுக்குள் புகுந்திருக்கிறார். வீடு உடனே மூடப்படும். பதினான்கு நாள்."

ஒச்சாண்டி கீழே கிடந்த தகரத்தை நிமிர்த்தினான். பழைய ஓட்டையிலேயே பழைய ஆணி. உள்ளே லூர்து மேரி, ஷெரின். மாலையும் சான்றிதழுமாக அருளப்பன் தெருவில். அவன் வாசலை நோக்கி நடந்தான்.

"அருளப்பன் அவர்களே, நீங்கள் இந்தப் பக்கம்" என்றது ஒலிபெருக்கி. "நீங்கள் முடித்தவர். தொற்று சந்தேகம் உள்ள வீட்டுக்குள் போனால் சான்றிதழ் செல்லாது. விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். உங்களுக்கு மண்டபத்தில் அறை போட்டிருக்கிறோம். பதினான்கே நாள்."

ஒரு பக்கத் தகரம் நின்றுவிட்டது. மறுபக்கத்தை ஒச்சாண்டி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு ஆணி வாயில் இருந்ததால் பேச முடியவில்லை. கண்ணால் மட்டும் உள்ளே காட்டினான்.

மஸ்கட்டில் அருளப்பன் முடிவெடுத்தபோது யாரும் அவனைத் தடுக்கவில்லை. வேலையிலிருந்து விலக்கத்தான் செய்தார்கள். இங்கே மாலை போட்டுத் தடுத்தார்கள். அவன் மாலையைக் கழற்றி, பக்கத்திலிருந்த ஃபிளெக்ஸில் நடு ஞானசிகாமணியின் கழுத்து உயரத்துக்கு மாட்டினான். சான்றிதழை நாற்காலியில் வைத்து, பறந்துவிடாமல் இருக்கப் பழக்கூடையை அதன் மேல் வைத்தான். பழக்கூடையிலிருந்து ஒரு கொத்துத் திராட்சையை மட்டும் எடுத்துக்கொண்டான். ஏழு நாளாக ஒச்சாண்டி பட்டறையில் கிடந்த அட்டைப்பெட்டியை, ஆணி பிடுங்க வரும்போது அவன் கொண்டுவந்திருந்தான். அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

"நல்லா இறுக்கி அடி மாப்ள" என்றான்.

மறுநாள் காலையும் ஜக்கம்மா வந்தாள். புதுப் பக்கம்.

"அடையாளம் தெரியாத நபர்?"

"இருக்காக" என்றாள் லூர்து மேரி. ஆறு வருஷத்தில் முதன்முறையாக அது முழு உண்மையாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு சிக்கல். தேனியிலிருந்து தாள் திரும்பி வந்துவிட்டது. அடையாளம் தெரியாதவரை அடையாளம் தெரிந்தால்தான் விடுவிக்க முடியுமாம். ஜக்கம்மா மூக்கு ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். அருளப்பன் முற்றத்தில் குத்தவைத்து சைக்கிளுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தான். குழந்தை அவன் முதுகில் தொற்றிக்கொண்டு மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. போன் சன்னலில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

"அண்ணே, பேரு போடணுமாம். அருளப்பன்னு போட முடியாது, அந்தப் பேரு முடிஞ்சு போச்சு. வேற என்னன்னு போட?"

"நீயே சொல்லு ஜக்கம்மா. நான் யாருன்னு எனக்கே மறந்திருச்சு."

மீசை வலுவாக இழுக்கப்பட்டது.

"ப்பா" என்றது குழந்தை.

ஜக்கம்மா நோட்டில் பெயர் என்ற கட்டத்தில் 'அப்பா' என்று எழுதி, 98.4 போட்டுக்கொண்டு போனாள். ஞானசிகாமணி அதை ஒரு மறுப்பும் இல்லாமல் ஏற்றுக் கையெழுத்திட்டார். அந்தப் பெயரில் வட்டாரத்தில் வேறு யாரும் பதிவாகவில்லை.